சும்மா கிடக்கும் கியூவை யார் மூடுவது?

திருநெல்வேலியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்வதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். டி.பி.டி.கே. (கேர்னலைத் தாண்டி நிரலே நெட்வொர்க் கார்டோடு நேரடியாகக் கதைக்க உதவும் நூலகம்) வைத்து எழுதிய நிரலில் கார்டின் ஒரு போர்ட்டுக்கு 16 கியூ, அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் 16 வரிசை, திறந்திருக்கிறீர்கள். அதில் மூன்று நான்கில்தான் பாக்கெட் வருகிறது. மற்றவற்றையும் ஒவ்வொரு சுற்றிலும் எட்டிப் பார்ப்பது வீண் என்று நினைத்து, கியூவுக்கு ஒரு ஃபிளாக் (திறந்ததா மூடியதா என்ற அடையாளம்) வைத்து, நிரலின் இன்னொரு ஓட்டமான த்ரெட்டிலிருந்து அவற்றை அணைத்துப் பார்த்தீர்கள். சில வேளை நிரல் விழுந்துவிடுகிறது. சில வேளை, அணைத்த கியூவைத் திரும்பத் தொடங்கும்போது பழைய பாக்கெட்டுகள் வருகின்றன. கடைசியில் "வேகம் கூட்ட இது சரியான வழியா?" என்று முடித்திருக்கிறீர்கள். வேகத்தைப் பற்றிக் கேட்டாலும், நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது வேறொரு கேள்வியில் என்று எனக்குப் படுகிறது: ஒரு கியூவை மூடலாம் என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? கிராஷ் அங்கிருந்துதான் வருகிறது. நான் பதினொரு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், முதலில் கொழும்பில், இப்போது யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டில் இருந்து. இதே ஃபிளாக்கை நானும் ஒருகாலத்தில் வைத்தவன்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். சும்மா கிடக்கும் கியூ என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை இருக்கிறது. முதல் வகையில் இப்போது பாக்கெட் இல்லை, அடுத்த மில்லி செக்கனில் வரலாம். இரண்டாவது வகை, திறந்து வைத்தாயிற்று, ஆனால் கார்ட் அதற்குள் எதையும் போடப்போவதில்லை. அல்லது போடுகிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை. மூன்றாவது வகையில் மறுபக்கம் மூடிவிட்டது. விர்ச்சுவல் மெஷினோடு கதைக்கும் வீஹோஸ்ட் கியூவில் இது அடிக்கடி நடக்கும், உள்ளே இருப்பவர் கியூ எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார். இதில் வில்லங்கம் என்னவென்றால், மூன்று வகையிலும், கியூவிலிருந்து பாக்கெட்டுகளைக் கொத்தாக எடுக்கும் ரிசீவ் பர்ஸ்ட் ஃபங்ஷன் தரும் விடை ஒன்றேதான்: பூச்சியம். (எடுக்க ஆள் இல்லாத கியூவில் அந்தப் பூச்சியம்கூட வராது, கூப்பிடவே ஆள் இல்லை.) பூச்சியத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த வகை என்று ஒருநாளும் விளங்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

சரி, வெறும் கியூவை எட்டிப் பார்க்க என்ன செலவாகிறது? இங்கே கணக்குப் போடலாம். 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட் 64 பைட். அதோடு முன்குறியும் இடைவெளியும் சேர்ந்து கம்பியில் 84 பைட் இடம் பிடிக்கும். அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 67.2 நானோ செக்கன், செக்கனுக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட் அளவில். 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் (சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 சைக்கிள். (சைக்கிள் என்றதும் எங்கள் ஊர் நினைவு வரும், இது சிபியு சைக்கிள், சிபியு கடிகாரத்தின் ஒரு துடிப்பு.) வெறும் கியூவைப் பார்க்கும்போது டிரைவர் செய்வது அடுத்த டிஸ்கிரிப்டரில் (ஒரு பாக்கெட்டுக்கான இடத்தைப் பற்றிக் கார்டும் டிரைவரும் மெமரியில் பகிரும் சின்னக் குறிப்பு) "முடிந்தது" என்ற ஒரு பிட் விழுந்திருக்கிறதா என்று வாசிப்பது மட்டும். கார்ட் அந்த இடத்தில் எழுதும் வரைக்கும் அதன் நகல் கோரின் பக்கத்திலுள்ள வேக மெமரியான கேஷிலேயே இருக்கும், மெயின் மெமரிக்குப் போக வேண்டியதில்லை. ஆகவே ஒரு வெறும் பார்வைக்குச் சில பத்து சைக்கிள்தான். 30 என்றே வைப்போம். 12 வெறும் கியூவுக்கு 360 சைக்கிள், 120 நானோ செக்கன். உங்கள் பரபரப்பான கியூவில் 1024 டிஸ்கிரிப்டர் இருந்தால், முழு 10 கிகாபிட்டும் அந்த ஒன்றிலேயே கொட்டினாலும் அது நிறைய ஏறத்தாழ 69 மைக்ரோ செக்கன் ஆகும். அதற்கு முன்னால் 120 நானோ செக்கன் என்பது கடலில் கரைத்த பெருங்காயம். அதோடு, சுற்று கொஞ்சம் நீண்டால் அடுத்த பர்ஸ்டில் பாக்கெட் கூட வரும், பாக்கெட்டுக்கான சராசரிச் செலவு குறையும். அந்தப் 12 கியூவை நிறுத்தினால் வேகம் பாயும் என்று எதிர்பார்த்திருந்தால், கிடைக்கப்போவது ஏமாற்றம்தான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. டிரைவர் மெமரியில் இருக்கும் டிஸ்கிரிப்டரை வாசிக்காமல் கார்டின் ரெஜிஸ்டரையே போய் வாசிக்கிறது என்றால், ஒவ்வொரு வெறும் பார்வையும் கார்ட் செருகியிருக்கும் பிசிஐ பாதை வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். அதற்குச் சில நூறு நானோ செக்கன் போகும், சில வேளை அதற்கும் மேலே. நீங்களே எழுதிய டிரைவர் என்றால் இதை ஒருக்கால் பாருங்கள். டி.பி.டி.கே.யோடு வரும் பிரபலமான டிரைவர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை. அப்புறம், "டாப்" கட்டளையில் கோர் 100 வீதம் காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். போலிங் டிரைவரில், அதாவது ஓயாமல் எட்டிப் பார்க்கும் டிரைவரில், அது எப்போதும் 100தான். பாக்கெட் வந்தாலும் 100, வராவிட்டாலும் 100. பத்துச் சுற்றில் எத்தனை சுற்று வெறுமையாகப் போகிறது என்று நீங்களே ஒரு எண்ணி வைத்து எண்ணுங்கள். கோர் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அந்த எண் சொல்லும்.

அடுத்தது, ஏன் 12 கியூவும் வெறுமையாக இருக்கின்றன? இதைக் கேட்காமல் அவற்றை அணைக்கப் போவது, காய்ச்சல்காரனுக்குத் தெர்மோமீட்டரை ஒளிப்பது மாதிரி. கார்ட் பாக்கெட்டைக் கியூக்களுக்குப் பங்கிடுவது ஆர்.எஸ்.எஸ். மூலம்: அனுப்பியவர், பெறுபவர் முகவரியையும் போர்ட் எண்களையும் சேர்த்து ஒரு ஹாஷ் (அவற்றிலிருந்து கணக்கிட்ட ஒரு எண்) போட்டு, அதன் கடைசிச் சில பிட்டை ஒரு அட்டவணையில் தேடி, அங்கே எழுதியிருக்கும் கியூவுக்குள் போடும். இன்டெல் 82599 கார்டில் அந்த அட்டவணைக்கு 128 இடம். ஒரே தொடர்பில் வரும் எல்லாப் பாக்கெட்டுக்கும் ஹாஷ் ஒன்றுதான், ஆகவே கியூவும் ஒன்றுதான். நீங்கள் மேசையில் இரண்டு மெஷினை வைத்து, வேகம் அளக்கும் ஐபெர்ஃப் நிரலை ஓட்டிச் சோதித்தால், அதில் நான்கு தொடர்பு இருந்தால், அதிகபட்சம் நான்கு கியூதான் அசையும். உங்கள் "மூன்று நாலு" என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். சோதனையில் தொடர்புகளை இருநூறாக்கிப் பாருங்கள். மற்றக் கியூக்களும் உயிர் பெற்றால் அவற்றில் ஒரு குறையும் இல்லை, குறை சோதனையில்தான்.

தொடர்பைக் கூட்டிய பிறகும் எல்லாம் 0 ஆம் கியூவிலேயே விழுகிறதென்றால், பாக்கெட்டின் தலையைக் கார்டால் வாசிக்க முடியாமல் இருக்கலாம். வீட்டு இணைப்புக் கொடுப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். பி.பி.பி.ஓ.இ. (வீட்டு இணைப்புகளில் வாடிக்கையாளரை இணைக்கும் முறை) உறைக்குள் பொதிந்து வரும் பாக்கெட்டில் ஈதர்டைப், அதாவது உள்ளே என்ன வகை என்று சொல்லும் எண், 0x8864, ஐபி தலை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. 82599 போன்ற பழைய கார்ட் அந்த உறையைப் பிரித்துப் பார்க்காது. ஐபி தெரியாததால் ஹாஷ் இல்லை, ஹாஷ் இல்லாததால் எல்லாம் ஒரே கியூ. இன்டெல் 700 தொடர் கார்டுகளில் பி.பி.பி.ஓ.இ.யை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் டி.டி.பி. பொதியை ஏற்றலாம். அதுவும் முடியாத கார்ட் என்றால், ஒரு கோர் எல்லாப் பாக்கெட்டையும் வாங்கி மற்றக் கோர்களுக்கு மென்பொருளிலேயே பங்கிட வேண்டியதுதான். அப்படிச் செய்தால் உங்களுக்கு 16 கியூ தேவையே இல்லை.

இனி, எனக்கு நித்திரை கெடுத்த வகைக்கு வருகிறேன்: திறந்திருக்கிறது, பாக்கெட் வருகிறது, எடுக்க ஆள் இல்லை. 2022 இல் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்கு நின்றவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் செட்டில் எண்ணெய் இல்லை, அடிக்க ஆளும் இல்லை, ஆனால் வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. வரிசை செட் வாசலைத் தாண்டி றோட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த றோட்டால் பெற்றோலுக்கே வராமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் நிற்க வேண்டியதாகிவிடும். கார்டில் அந்த றோட்டு என்பது எல்லாக் கியூவுக்கும் பொதுவான பாக்கெட் பஃபர், 82599 இல் 512 கிலோபைட். ஒரு கியூவின் டிஸ்கிரிப்டர்கள் தீர்ந்துபோய், அடுத்த பாக்கெட்டும் அதற்கே வந்தால், அந்தப் பாக்கெட் பொது பஃபரின் முன்வாசலில் நின்றுவிடும். அதன் பின்னால் வரும் மற்றக் கியூக்களின் பாக்கெட்டுகளும் நகராது. இதைத் தவிர்க்க ரிசீவ் கியூ அமைப்பில் "டிராப் எனேபிள்" என்ற ஒரு பிட் இருக்கிறது. போட்டால், இடமில்லாத கியூவுக்கு வரும் பாக்கெட் மட்டும் வீசப்படும், றோட்டு திறந்தே இருக்கும். டி.பி.டி.கே.யில் இந்தக் கார்டுக்கு அது போடாத நிலையில்தான் வரும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு ஃபயர்வால் பெட்டி, 8 கியூ, 8 கோர். லொக் எழுத ஒரு கோர் வேண்டுமென்று எட்டாவது கோரை நான்தான் எடுத்தேன். கோர் பட்டியலில் இருந்து அதை நீக்கினேன், கியூ எண்ணிக்கையை 8 இலிருந்து 7 ஆக்க மறந்துவிட்டேன். லாபில் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, ஏனென்றால் அங்கே ஜெனரேட்டரில் இருந்து வந்தது ஆறே ஆறு தொடர்பு, அதில் ஒன்றும் 7 ஆம் கியூவில் (0 இலிருந்து எண்ணுவதால் அதுதான் எட்டாவது) விழவில்லை. வாடிக்கையாளர் இடத்தில் பூட்டிப் பத்து செக்கனில் போர்ட் செத்தது. லிங்க் விளக்கு பச்சை. நிரல் உயிரோடு இருக்கிறது. எட்டுக் கியூவிலும் வந்த பாக்கெட் எண்ணிக்கை அப்படியே உறைந்து நிற்கிறது. ஒரே ஒரு எண் மட்டும், தவறவிட்ட பாக்கெட்டைக் காட்டும் "ஐமிஸ்ட்", செக்கனுக்கு லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. இரவு ஒன்றரை மணி, வீட்டில் கரண்ட் இல்லை, லப்டொப் பற்றரியில் 20 வீதம். கேபிளை மாற்றச் சொன்னேன், ஒப்டிக் மொடியூலை மாற்றச் சொன்னேன், அங்கே நின்ற பெடியன் எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்தான். கடைசியில் ஏழு கியூவின் டிஸ்கிரிப்டர் எண்களைப் பார்த்துவிட்டு எட்டாவதற்கு வந்தபோது, அங்கே காலியான இடம் 0. அப்போதுதான் எனக்கு என் கைவேலை நினைவு வந்தது. அன்றிலிருந்து நிரல் தொடங்கும்போதே "ஒவ்வொரு திறந்த கியூவுக்கும் ஒரு கோர் உண்டா" என்று சரிபார்த்து, இல்லையென்றால் ஓடவே மறுக்கும்படி எழுதுகிறேன். பத்து வரி கோட்.

ஆகவே உங்கள் ஃபிளாக் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த ஃபிளாக் எட்டிப் பார்ப்பதை மட்டும்தான் நிறுத்துகிறது. ஆர்.எஸ்.எஸ். அட்டவணையில் அந்தக் கியூவின் எண் இன்னும் இருந்தால், கார்ட் பாக்கெட்டை அங்கே போட்டுக்கொண்டேதான் இருக்கும். உங்கள் போர்ட்டும் ஒருநாள் நான் சொன்ன மாதிரி நிற்கும்.

அனுப்பும் பக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சும்மா கிடக்கும் அனுப்பும் கியூ சத்தமில்லாமல் செய்யும் கெடுதி ஒன்று இருக்கிறது. அனுப்பி முடித்த பாக்கெட்டின் பஃபரை (அதைத் தாங்கிய மெமரித் துண்டை) டிரைவர் உடனே விடுவிப்பதில்லை. காலியான டிஸ்கிரிப்டர் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால்தான், அதுவும் அடுத்த முறை நீங்கள் அனுப்பக் கூப்பிடும்போதுதான், பழையவற்றைத் திருப்பிக் கொடுக்கும். பல இன்டெல் டிரைவர்களில் அந்த எல்லை வழக்கமாக 32. அதாவது 1024 டிஸ்கிரிப்டர் உள்ள கியூவில் கிட்டத்தட்ட ஆயிரம் பஃபரை ஒரு கியூ பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு வேலையில்லாமல் இருக்கலாம். அடுத்த பாக்கெட் வரும் வரைக்கும் அது விடாது. 16 அனுப்பும் கியூ என்றால் 16 ஆயிரம் பஃபர் வரைக்கும் முடங்கலாம். ரிசீவ் கியூக்களும் தங்கள் பங்குக்கு 512 வீதம் 8192 ஐ வைத்திருக்கும், ஒவ்வொரு கோரும் தன் கைவசம் சில நூறு வைத்திருக்கும். பஃபர்கள் எல்லாம் இருக்கும் பொதுத் தொகுப்பான மெம்பூலை 16384 என்று அமைத்திருந்தால், ஒருநாள் பகலில் திடீரென்று பஃபர் இல்லை என்ற எண்ணி ஏறத் தொடங்கும். எல்லாரும் மெமரி லீக் என்று தேடுவார்கள். லீக் இல்லை, பழைய கடன் திரும்பி வரவில்லை. மெம்பூலின் அளவை எல்லாக் கியூவின் முழுக் கொள்ளளவையும் கூட்டித்தான் போட வேண்டும். சும்மா கிடக்கும் அனுப்பும் கியூவை அவ்வப்போது துப்புரவாக்க "டன் கிளீனப்" என்ற ஃபங்ஷன் டி.பி.டி.கே.யில் உண்டு, ஆனால் எல்லா டிரைவரும் அதை எழுதி வைத்திருக்கவில்லை. திரும்பி வரும் விடையைப் பாருங்கள், முடியாது என்றால் சொல்லும்.

இதே குடும்பத்துப் பிரச்சினை இன்னொன்று: 32 பாக்கெட் சேர்ந்தால்தான் அனுப்புவேன் என்று நீங்கள் சேர்த்து வைக்கும் பஃபர். போக்குவரத்து குறைந்த கியூவில் 5 பாக்கெட் சேர்ந்து அப்படியே கிடக்கும். "முதல் பிங் போகிறதில்லை, அடுத்ததை அடித்தால் இரண்டும் சேர்ந்து வருகிறது" என்று யாராவது சொன்னால், மிச்சத்தைத் தள்ளும் கோட் அடுத்த பாக்கெட் வந்தால்தான் ஓடும்படி எழுதியிருக்கலாம். டி.பி.டி.கே.யின் எடுத்துக்காட்டு நிரல்கள் 100 மைக்ரோ செக்கனுக்கு ஒருமுறை மிச்சத்தைத் தள்ளிவிடும். பாக்கெட் வந்தால்தான் தள்ளுவேன் என்று எழுதாமல், மணிக்கூட்டைப் பார்த்துத் தள்ளுங்கள்.

இப்போது கிராஷ். நீங்கள் போட்டிருந்த கோட் துண்டில், வேலை செய்யும் கோர் ஃபிளாக்கைப் பார்க்கிறது, "திறந்திருக்கிறது" என்று தெரிந்ததும் கியூவுக்குள் போகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் மற்ற த்ரெட் ஃபிளாக்கை அணைத்து, கியூவை நிறுத்தி, பஃபர்களையும் விடுவித்துவிடுகிறது. கோர் உள்ளே போய்ச் சேரும்போது அங்கே வீடே இல்லை. இதில் எனக்குச் சந்தேகமில்லை, கோட்டில் அப்படியே தெரிகிறது. ஒரு ஃபிளாக்கால் இதைத் தீர்க்கவே ஏலாது. வீஹோஸ்ட் டிரைவர் இதற்கு வெகுகாலமாக இரண்டு ஃபிளாக் வைத்திருந்தது: "உள்ளே வரலாம்" என்று ஒன்று, "நான் உள்ளே நிற்கிறேன்" என்று மற்றது. கோர் முதலில் வரலாமா என்று பார்க்கும், பிறகு நான் உள்ளே என்று எழுதும், எழுதியபின் வரலாமா என்று திரும்பவும் பார்க்கும். மூடுபவர் வரக்கூடாது என்று எழுதிவிட்டு, உள்ளே நிற்பவர் வெளியே வரும் வரைக்கும் காத்திருப்பார். இரண்டாவது முறை பார்ப்பதை வீண் என்று வெட்டிவிடாதீர்கள், உயிரே அதில்தான்.

இந்த வழியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு கோர் முதலில் எழுதி, பிறகு வேறு இடத்தை வாசித்தால், ஒழுங்கு மாறாது என்று எல்லாரும் நம்பும் x86 வகையிலும்கூட, அதாவது இன்டெல், ஏஎம்டி சிபியுக்களிலும்கூட, அந்த வாசிப்பு எழுத்தை முந்திக்கொண்டு போகலாம். எழுதியது மெமரிக்குப் போகுமுன் காத்திருக்கும் ஸ்டோர் பஃபரில் நிற்கும்போதே வாசிப்பு முடிந்துவிடும். அப்போது இரண்டு பக்கமும் "மற்றவர் இல்லை" என்று பார்த்துவிட்டு இரண்டும் உள்ளே போகும். ஆகவே இங்கே அக்குவையர், ரிலீஸ் என்ற இலேசான ஒழுங்கு விதிகள் போதாது. எழுத்துக்கும் வாசிப்புக்கும் நடுவில் முழு ஃபென்ஸ் (முன்னையது முடியும் வரை பின்னையதைத் தொடாதே என்னும் கட்டளை) வேண்டும், அல்லது இரண்டையும் அதே ஒழுங்கைக் காக்கும் தொடர் ஒழுங்கு அட்டொமிக்காகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பர்ஸ்டுக்கும் ஒரு முழு ஃபென்ஸ் என்றால் சில பத்து சைக்கிள் போகும். வெறும் கியூவைப் பார்க்க ஆகும் செலவுக்குக் கிட்ட வந்துவிட்டது! மிச்சம் பிடிக்க வைத்த ஃபிளாக்குக்கே மிச்சம் பிடித்தது முழுக்கப் போய்விடும்.

அதனால் நான் இப்போது செய்வது வேறு. கியூவை எட்டிப் பார்க்கும் கோர்தான் அதன் சொந்தக்காரர். வேறு யாரும் அதை மூட முடியாது, மூடச் சொல்லிக் கேட்கத்தான் முடியும். ஒவ்வொரு கோரிடமும் அது பார்க்க வேண்டிய கியூக்களின் சின்னப் பட்டியல் இருக்கும். கட்டுப்பாட்டு த்ரெட் புதிய பட்டியலை எழுதி, பட்டியல் இருக்கும் முகவரியைக் காட்டும் சுட்டியை மாற்றிவிடும். கோர் ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை அந்தச் சுட்டியைப் பார்த்து, புதியது என்றால் எடுத்துக்கொண்டு "எடுத்துவிட்டேன்" என்று எண்ணை ஏற்றும். கட்டுப்பாட்டு த்ரெட் அந்த எண் ஏறும் வரைக்கும் எதையும் தொடாது. ஆயிரம் சுற்று என்பது மில்லி செக்கன் கணக்குத்தான், கியூ மூட அவ்வளவு பொறுக்கலாம். இதையே பொதுவாக்கி டி.பி.டி.கே. 19.05 பதிப்பில் இருந்து ஆர்.சி.யு. நூலகமாகத் தருகிறது. கோர்கள் நிறைய இருந்தால் அதையே எடுங்கள், கையால் எழுத வேண்டாம். பட்டியலில் உயிருள்ள கியூக்கள் மட்டும் இருப்பதால் பாக்கெட் பாதையில் ஃபிளாக்கும் இல்லை, ஃபென்ஸும் இல்லை.

மூடும் ஒழுங்கும் முக்கியம். முதலில் ஆர்.எஸ்.எஸ். அட்டவணையில் அந்தக் கியூவின் எண்ணை மாற்றி, புதிதாக எதுவும் வராமல் செய்யுங்கள். பிறகு சொந்தக்காரக் கோர் மிச்சம் இருப்பதை எடுத்து முடிக்கட்டும். கார்டுக்குள்ளே வந்துகொண்டிருந்தவையும் வந்து சேர நேரம் கொடுங்கள். அதன்பின் பட்டியலில் இருந்து நீக்கி, கோர் ஒப்புக்கொண்டபின் கியூவை நிறுத்துங்கள். திறக்கும்போது இதைப் பின்னிருந்து முன்னாகச் செய்யுங்கள்: கியூவைத் தொடங்கி, பட்டியலில் சேர்த்து, கோர் ஒப்புக்கொண்டபின் கடைசியாக அட்டவணை. ஓடும்போது தனிக் கியூவை நிறுத்துவதை எல்லா டிரைவரும் ஆதரிப்பதில்லை, விர்ச்சுவல் டிரைவர்கள் பலவற்றில் கிடையாது. அப்படியென்றால் நிறுத்தாமல், பாக்கெட் வராதபடி செய்து, ஒரு கோர் நூறு சுற்றுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க விட்டால் போதும்.

வீஹோஸ்டில் ஒரு வித்தியாசம்: மூடுவது நீங்கள் அல்ல. உள்ளே இருப்பவர் லினக்ஸில் கார்டை அமைக்கும் ஈதிடூல் கட்டளையில் கியூ எண்ணிக்கையைக் குறைத்தால் உங்களுக்குச் செய்தி வரும், அதை மதிக்காமல் தொடர்ந்து வாசித்தால் மெமரி வரைபடமே போயிருக்கலாம். அங்கே செய்தியைப் பெறும் த்ரெட், கோர் ஒப்புக்கொள்ளும் வரை மறுமொழி அனுப்பாமல் பிடித்து வைக்க வேண்டும். கோர் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் விர்ச்சுவல் மெஷினும் சேர்ந்து தொங்கும். இதற்கு எனக்கு முழுத் திருப்தியான வழி இன்னும் அகப்படவில்லை. கால எல்லை வைத்தால் கிராஷ், வைக்காவிட்டால் தொங்கல். நான் தொங்கலைத் தெரிவு செய்திருக்கிறேன், அதையாவது பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

முதல் வகை, அதாவது இப்போதைக்கு வெறுமையான கியூ, பற்றிக் கொஞ்சம். இரவு இரண்டு மணிக்கு ஊரே உறங்கும்போது கோர்கள் முழு வேகத்தில் சும்மா சுற்றுவது கரண்ட் பில்லுக்கும் யூபிஎஸ்ஸுக்கும் நல்லதல்ல. லினக்ஸ் கேர்னல் இதை நாப்பி முறையில் முந்தியே தீர்த்துவிட்டது: பாக்கெட் வரும்வரை இன்டரப்ட் (கார்டே மணி அடித்து எழுப்புவது), வரத் தொடங்கினால் போலிங், ஓய்ந்தால் திரும்ப இன்டரப்ட். டி.பி.டி.கே.யிலும் ரிசீவ் இன்டரப்ட் உண்டு. கியூவுக்கு ஒன்று தனியாக வேண்டுமென்றால் கார்டை நிரலிடம் ஒப்படைக்கும் லினக்ஸ் வசதியான விஎஃப்ஐஓ வழியாகக் கார்டைப் பிடிக்க வேண்டும். உறங்கப் போகும் கோர் இன்டரப்டைத் திறந்தபின் கியூவை இன்னொருமுறை பார்த்துவிட்டுத்தான் உறங்க வேண்டும். கடைசிப் பார்வைக்கும் திறப்புக்கும் நடுவில் வந்த பாக்கெட்டுக்கு மணி அடிக்காமல் போகலாம், விர்ச்சுவல் மெஷின் கார்டான விர்ட்டியோவில் இந்த மறுபார்வை கட்டாயம். சஃபையர் ரேப்பிட்ஸ் போன்ற புதிய இன்டெல் சிபியு என்றால், டிஸ்கிரிப்டர் முகவரியையே கவனித்துக்கொண்டு தூங்கும் கட்டளை உண்டு, இன்டரப்டை விடக் கெதியாக எழும்பும். ஒரு கோருக்கு ஒரு கியூ என்றால் அது வடிவாகப் பொருந்தும். எத்தனை வெறும் சுற்றுக்குப் பிறகு உறங்குவது என்ற எண்ணுக்கு நான் பொது விதி சொல்லமாட்டேன், அது உங்கள் போக்குவரத்தை அளந்துதான் தெரியும். நான் வேலை செய்ததெல்லாம் இன்டெல் சிபியுவிலும் இன்டெல் கார்டிலும்தான், ஆர்ம் சிபியுவில் ஃபென்ஸ் செலவு வேறு கணக்கு.

உங்கள் வேலைக்கு 16 கியூ ஏன் என்று தெரியவில்லை. நான்கு கோர் இருந்தால் நான்கு கியூ திறந்து, டிராப் எனேபிளைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். மூட வேண்டிய தேவையே பாதி போய்விடும்.

மிச்சம் இருப்பது பழைய பாக்கெட் விவகாரம். கியூவை நிறுத்தும்போது பஃபர்களை விடுவித்தீர்கள், ஆனால் டிஸ்கிரிப்டர் வளையத்தை நீங்கள் துடைக்கவில்லை. கார்ட் முன்பு எழுதிய "முடிந்தது" பிட்டுகள் அப்படியே இருக்கின்றன. திரும்பத் தொடங்கியதும் டிரைவர் அவற்றைப் புதிய பாக்கெட் என்று நம்பி, ஏற்கெனவே விடுவித்த பஃபரை உங்களிடம் தருகிறது. நீங்கள் அதை வேலை முடிந்து இரண்டாம் முறை விடுவிக்கிறீர்கள். அதன்பின் மெம்பூல் ஒரே பஃபரை இரண்டு பேருக்குக் கொடுக்கும், எங்கே உடையும் என்று சொல்லவே முடியாது. தொடங்கும் ஃபங்ஷனில் வளையம் முழுவதையும் பூச்சியமாக்கி, மென்பொருள் பக்கத்து எண்களையும் 0 க்குக் கொண்டுவந்து, புதிய பஃபர்களை நிரப்பி, அதன்பிறகே கியூவைக் கார்டில் திறந்து, எதுவரை பஃபர் நிரம்பியிருக்கிறது என்று கார்டுக்குச் சொல்லும் டெயில் ரெஜிஸ்டரை எழுதுங்கள். மெம்பூலின் டிபக் தெரிவைப் போட்டுக் கட்டினால், இரண்டாம் முறை விடுவிக்கும் இடத்திலேயே நிரல் நின்று காட்டிக்கொடுக்கும்.